தில்லியில் எல்லை காந்தியைத் தேடி

தலைநகர் தில்லிக்குச் செல்லும் நம்மவர்கள் ஜாமிஆ மஸ்ஜிதில் தொழுவார்கள். ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவுலியா அடங்கியுள்ள தர்காவுக்குச் செல்வார்கள். செங்கோட்டையையும் குதுப்மினாரையும் கண்டு களித்து, பிள்ளைகளுக்கு ஏதேனும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். நானும் அவ்வாறே திரும்பியிருப்பேன். கை தவறி விழுந்த ஒரு கைபேசிதான் என்னை வேறு வழியில் அழைத்துச் சென்றது.

என் தம்பி மகன் தில்லியில் பணிபுரிகிறான். அவனோடு பத்து நாள் தங்கிவரச் சென்றிருந்தேன். வந்த மூன்றாம் நாளே கைபேசியின் கண்ணாடி நொறுங்கிவிட்டது. நான் முகம் வாடி அமர்ந்திருப்பதைக் கண்ட அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"கவலைப்படாதீர்கள் பெரியவாப்பா. வாப்பாவின் பெயரிலேயே இங்கே ஒரு மார்க்கெட் இருக்கிறது. அரை மணி நேரத்தில் சரிசெய்து தந்துவிடுவார்கள்."

அவன் வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அவன் வாப்பாவுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

ஒரு மூட்டையோடு வந்த மனிதர்

1969ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவுக்காக எல்லை காந்தி கான் அப்துல் கஃப்பார் கான் அவர்கள் காபூலிலிருந்து தில்லிக்கு வந்தார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வாப்பா திண்ணையில் வானொலிப் பெட்டியை வைத்துச் செய்தி கேட்பார்கள். மறுநாள் நாளிதழில் அதே செய்தியைத் தேடிப் படிப்பார்கள். "தம் துணி மூட்டையைப் பிரதமர் வாங்க வந்தும் கொடுக்காமல் தாமே சுமந்து சென்றாராம்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் அவர்கள் சொன்னது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

அந்த மாதத்தில்தான் தம்பி பிறந்தான். ஏழாம் நாள் பெயர் சூட்ட வேண்டும். பாட்டனார் பெயரை வைக்க வேண்டும் என்பது வீட்டுப் பெண்களின் விருப்பம். வாப்பா இணங்கவில்லை. "அல் கஃப்பார் என்பது அல்லாஹ்வின் திருநாமம். பெரிதும் மன்னிப்பவன் என்பது பொருள். அவனுடைய அடியான் என்று பெயர் தாங்கி, அந்தப் பெயருக்கு ஏற்ப வாழ்ந்தும் காட்டிய ஒருவர் நம் நாட்டுக்கு வந்திருக்கிறார். அந்தப் பெயரே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் தம்பிக்கு அந்தப் பெயர் வாய்த்தது.

கஃப்பார் மார்க்கெட்

கரோல் பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் கஃப்பார் மார்க்கெட். இருவர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்துகள். கைபேசிகள், அவற்றின் உதிரிப் பாகங்கள், கைக்கடிகாரங்கள், வெளிநாட்டு வாசனைத் திரவியங்கள் என்று கண்ட இடமெல்லாம் கடைகள். ஒரு மேசை போடும் இடத்தில் மூவர் அமர்ந்து, கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசி முனையால் கைபேசியின் உள்ளுறுப்புகளைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள்.

நாட்டுப் பிரிவினையின்போது எல்லாவற்றையும் இழந்து வந்த அகதிகள் பிழைப்பதற்கென்று உருவான சந்தைகள் தில்லியில் பல உண்டு. அவற்றுள் இதுவும் ஒன்று. எல்லை காந்தியின் பெயரைத் தாங்கியிருப்பது இதன் தனிச் சிறப்பு.

என் கைபேசியைப் பிரித்துக்கொண்டிருந்த இளைஞரிடம், "இந்த மார்க்கெட்டின் பெயரிலுள்ள கஃப்பார் யார் தம்பி?" என்று இந்தியில் கேட்கச் சொன்னேன். அவர் தலை நிமிராமலே, "முன்காலத்தில் இந்த இடத்துக்குச் சொந்தக்காரராக இருந்திருப்பார்" என்றார். மருமகப்பிள்ளைகள் முன்னால் மானம் போனது போல் எனக்கு இருந்தது. ஆனால் அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? என் தம்பி மகனுக்கே தெரியாதபோது, அவருக்கு எப்படித் தெரியும்?

கைபேசி சரியானதும் அவனிடம், "இன்று உனக்கு விடுமுறைதானே? இன்னும் இரண்டு இடங்களுக்குப் போய் வருவோம். வழியில் சொல்கிறேன்" என்றேன்.

கல்வியும் தொழுகையும்

மெட்ரோ வண்டியில் இருக்கை கிடைத்தது. சொல்லத் தொடங்கினேன்.

பெஷாவர் பள்ளத்தாக்கில், சார்சத்தாவை அடுத்த உத்மான்ஸை என்ற சிற்றூரில் 1890ஆம் ஆண்டு பிறந்தவர் கான் அப்துல் கஃப்பார் கான். தந்தையார் பஹ்ராம் கான், நிலபுலமுள்ள பெரிய மனிதர். பட்டாணியர் சமூகத்தில் 'பதல்' என்றொரு வழக்கம் உண்டு. பழிக்குப் பழி என்பது அதன் பொருள். பாட்டன் காலத்துப் பகைக்குப் பேரன் துப்பாக்கி எடுப்பான். அத்தகைய மண்ணில் பகைவர்களை மன்னித்துவிட்டவர் என்று பஹ்ராம் கானைச் சொல்வார்கள்.

பெஷாவர் மிஷன் பள்ளியில் படித்த மகனுக்கு ஆங்கிலேயப் படையில் அதிகாரி பதவி தேடி வந்தது. பட்டாணிய இளைஞர்கள் ஏங்கிக் கிடந்த பதவி அது. ஆனால் அதே படையிலிருந்த தம் நண்பரை, பதவியில் இளைய ஓர் ஆங்கிலேயன் இழிவாகப் பேசுவதை அவர் நேரில் கண்டார். தன்மானத்தை விற்றுப் பெறும் பதவி வேண்டாம் என்று அதை உதறினார்.

1910ஆம் ஆண்டு, தம் இருபதாம் வயதில், உத்மான்ஸையில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். 1921இல் அங்கே ஆசாத் பள்ளியைத் தொடங்கினார். ஆங்கிலேய அதிகாரி தந்தையாரை அழைத்து, மற்றவர்களெல்லாம் சும்மா இருக்க உம் மகன் மட்டும் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறப்பானேன் என்று கேட்டாராம். தந்தையார் அதை மகனிடம் சொன்னார். எல்லோரும் தொழுகையை விட்டுவிட்டால் என்னையும் விடச் சொல்வீர்களா என்று மகன் திருப்பிக் கேட்டார். ஒருபோதும் சொல்லேன் என்றார் தந்தை. மக்களுக்குக் கல்வி கொடுப்பதும் அதுபோன்ற கடமையே என்றார் மகன். மார்க்கக் கடமையை விடும்படி என் மகனிடம் நான் சொல்ல முடியாது என்று தந்தையார் அதிகாரிக்கு விடை அனுப்பிவிட்டார். அந்த ஆண்டு இறுதியில் மகன் சிறை சென்றார். மூன்றாண்டுத் தண்டனை.

என் தம்பி மகன் இதைக் கேட்டதும், "பள்ளிக்கூடம் திறந்ததற்கா சிறை?" என்றான்.

"படித்தவனை ஆள்வது கடினம் என்று ஆள்பவர்களுக்குத் தெரியுமே" என்றேன்.

கான் மார்க்கெட்

மண்டி ஹவுஸ் நிலையத்தில் வண்டி மாறிக் கான் மார்க்கெட்டில் இறங்கினோம். கஃப்பார் மார்க்கெட்டின் நெரிசலுக்கு நேர்மாறான இடம். புத்தகக் கடைகளும் உயர்ந்த உணவகங்களும், குளிரூட்டிய துணிக்கடைகளுமாக விளங்குகிறது. நாட்டிலேயே கடை வாடகை மிக மிகுந்த இடங்களில் ஒன்று என்பார்கள். 1951இல் எல்லைப்புற மாகாணத்து அகதிகளுக்கென்று, கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டப்பட்ட எளிய சந்தைதான் இது.

இதிலுள்ள 'கான்' எல்லை காந்தியின் அண்ணன் டாக்டர் கான் சாஹிப். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்றவர். 1937இல் எல்லைப்புற மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை அமைத்தவர். அண்ணன் ஆட்சிப் பொறுப்பேற்றார். தம்பி அமைச்சர் பதவியை நாடாமல் கிராமம் கிராமமாக நடந்தார். அண்ணன் பெயரில் செல்வர் சந்தை. தம்பி பெயரில் எளியோர் சந்தை. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. தானாக அமைந்த பொருத்தம்.

அங்கே ஒரு மரநிழலில் நின்று மீதிக் கதையைச் சொன்னேன்.

1929ஆம் ஆண்டு அவர் 'குதாயி கித்மத்கார்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். இறைவனின் ஊழியர்கள் என்பது பொருள். இறைவனுக்கு நம் ஊழியம் தேவையில்லை. ஆகவே அவன் படைப்புகளுக்குச் செய்யும் ஊழியமே அவனுக்குச் செய்யும் ஊழியம் என்பது அவர்களின் கொள்கை. வன்முறையில் இறங்குவதில்லை, பழி வாங்குவதில்லை, தீங்கு செய்தவரை மன்னிப்பது என்று ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைத் துணி அழுக்கேறுகிறது என்று, தோல் பதனிடும் இடத்தில் கிடைத்த சாயத்தில் உடையைத் தோய்த்துக்கொண்டார்கள். செங்கல் நிறமாயிற்று. அதனால் 'செஞ்சட்டையினர்' என்று உலகம் அவர்களை அழைத்தது.

அஹிம்சையை அவர் காந்தியடிகளிடமிருந்து மட்டும் கற்றதாக நினைப்பது தவறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவில் பதின்மூன்று ஆண்டுகள் எல்லாத் துன்பங்களையும் ஸப்ரோடு தாங்கினார்களே, அந்தப் பொறுமைதான் முஸ்லிமின் பழைய ஆயுதம். நாம் மறந்துவிட்ட ஆயுதம் என்பதே அவருடைய பேச்சின் சாரம். துப்பாக்கியோடு பிறந்து துப்பாக்கியோடு சாகும் மக்களிடம் இதைச் சொல்லி, அவர்களும் கேட்டார்கள் என்பதுதான் அதிசயம்.

அந்தப் பொறுமைக்குச் சோதனை 1930 ஏப்ரல் 23 அன்று வந்தது. உப்புச் சத்தியாக்கிரக காலம். கான் கைதானார். பெஷாவரில் கிஸ்ஸா கானி பஜார் என்ற கடைத்தெருவில் மக்கள் நிராயுதபாணிகளாகத் திரண்டார்கள். கதை சொல்லிகளின் கடைத்தெரு என்பது அதன் பொருள். படையினர் சுட்டார்கள். விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கு ஒன்று, மக்களின் கணக்கு பன்மடங்கு. கூட்டத்தின் மீது சுடும்படி கட்டளையிடப்பட்ட கட்வால் படைப்பிரிவினர், சந்திர சிங் என்பவர் முன்னிற்க, நிராயுதபாணிகளைச் சுட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். மறுத்தவர்கள் இந்துக்கள், எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அந்தச் சிப்பாய்கள் இராணுவ நீதிமன்றத்தில் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார்கள்.

ஃபரிதாபாத்

கான் மார்க்கெட்டிலிருந்து அதே மெட்ரோ தடத்தில் தெற்கே சென்றால் ஃபரிதாபாத். இப்போது ஹரியானா மாநிலத்துத் தொழில் நகரம். நீலம் சௌக் நிலையத்தில் இறங்கி, ஆட்டோ ஓட்டுநரிடம் "பீ.கே. சௌக்" என்றதும் மறுபேச்சின்றி ஏற்றிக்கொண்டார்.

பீ.கே. என்றால் பாத்ஷா கான். எல்லைப்புற மக்கள் தங்கள் தலைவரை அழைத்த பெயர் அது.

1947இல் பன்னு, டேரா இஸ்மாயில் கான், பெஷாவர் முதலிய ஊர்களிலிருந்து ஓடிவந்த இந்துக்களும் சீக்கியர்களும் குருக்ஷேத்திர முகாமில் பல்லாயிரக்கணக்கில் தங்கியிருந்தார்கள். அவர்களைப் பிரித்து வெவ்வேறு இடங்களுக்கு அனுப்ப அரசு எண்ணியது. சிதற மாட்டோம், ஒன்றாகவே வாழ்வோம் என்று அவர்கள் தில்லிக்கு வந்து அறவழியில் போராடினார்கள். முன்னின்றவர்களில் சிலர் பழைய குதாயி கித்மத்கார்கள்! ஆம், செஞ்சட்டை இயக்கத்தில் முஸ்லிம் அல்லாதாரும் இருந்தார்கள். அரசு இணங்கியது. 1949இல் ஃபரிதாபாத் புதுநகருக்கென ஒரு வாரியம் அமைந்தது. டாக்டர் இராஜேந்திர பிரசாத் அதன் தலைவர். கமலாதேவி சட்டோபாத்யாய அவர்களின் கூட்டுறவுச் சங்கமும் துணை நின்றது. அகதிகள் தாங்களே கல்லும் மண்ணும் சுமந்து தங்கள் வீடுகளைக் கட்டினார்கள்.

அந்த மக்களுக்கென்று மருத்துவமனை எழுந்தபோது அதற்குப் பாத்ஷா கான் பெயரைச் சூட்டினார்கள். 1951இல் பிரதமர் நேரு திறந்து வைத்தார். சிந்தித்துப் பாருங்கள். மதத்தின் பெயரால் மூண்ட கலவரத்தில் வீடும் நிலமும் இழந்து வந்தவர்கள். ஒரு முஸ்லிமின் பெயரை வெறுக்கக் காரணம் தேடினால் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். அவர்களோ அந்தப் பெயரைத் தங்கள் நோயாளிகளின் தலைமாட்டில் எழுதி வைத்தார்கள்.

மருத்துவமனை வாயிலில் போய் நின்றோம். பெயர்ப்பலகையில் பாத்ஷா கான் இல்லை. 2020 டிசம்பரில் ஹரியானா அரசு அதன் பெயரை மாற்றி, முன்னாள் பிரதமர் அடல் பிஹாரி வாஜ்பாய் அவர்களின் பெயரைச் சூட்டிவிட்டது. வாஜ்பாய் அவர்களுக்கு நினைவிடம் வேண்டாமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். புதிதாக ஒன்றைக் கட்டி அப்பெயரை வைத்திருக்கலாமே என்றுதான் மனம் கேட்கிறது.

அருகில் ஒரு துணிக்கடை. கல்லாவில் முதியவர் ஒருவர். தண்ணீர் கேட்கப் போனவர்களை உட்காரச் சொன்னார். எங்கள் தொப்பியையும், நாங்கள் பலகையைப் பார்த்து நின்றதையும் கவனித்திருக்கிறார். பேச்சுக் கொடுத்தார். தம்பி மகன் எனக்கு மொழிபெயர்த்தான்.

பன்னுவில் பிறந்தவராம். ஐந்து வயதில் தந்தையின் தோளில் வந்தவராம். தந்தை செஞ்சட்டை அணிந்தவர். "பலகையை மாற்றிவிட்டார்கள். ஆனால் ஆட்டோக்காரரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

"பீ.கே. சௌக் என்று."

"அவ்வளவுதான்" என்று சிரித்தார். சற்று நேரம் கழித்து மெல்லச் சொன்னார்: "எங்களவர் அவரை அங்கே தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று என் தந்தை சாகும்வரை வருந்தினார். பெயரையாவது கொண்டுவந்தோமே என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல்."

தனியாக விடப்பட்டவர்

முதியவரின் தந்தை சொன்னதில் உண்மை இருக்கிறது. நாட்டுப் பிரிவினையைக் கடைசிவரை எதிர்த்தவர் கான் அப்துல் கஃப்பார் கான். 1947 மார்ச்சில் பீஹாரில், கலவரத்தில் உறவுகளை இழந்த முஸ்லிம்களிடையே காந்தியடிகளோடு நடந்து ஆறுதல் சொன்னவர். அந்த ஆண்டு ஜூனில் காங்கிரஸ் தலைமை பிரிவினையை ஏற்றபோது, எங்களை ஓநாய்களிடம் வீசிவிட்டீர்கள் என்று மனம் நொந்து சொன்னார். இந்தியாவா பாகிஸ்தானா என்று மட்டும் கேட்ட எல்லைப்புற வாக்கெடுப்பை அவருடைய இயக்கம் புறக்கணித்தது.

பாகிஸ்தான் பிறந்தபின் அதன்மீது விசுவாச உறுதிமொழி எடுத்தும் அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. 1948 ஜூனில் கைது. அவர் சிறையிலிருந்தபோதே, ஆகஸ்ட் 12 அன்று, சார்சத்தாவை அடுத்த பாப்ராவில் அவருடைய தொண்டர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆங்கிலேயர் காலத்தையும் சேர்த்தால், வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறையிலும் காவலிலும் கழிந்தது. 1964 முதல் ஆப்கானிஸ்தானில் அஞ்ஞாத வாசம்.

அங்கிருந்துதான் 1969இல் மூட்டையோடு வந்தார். விழாவுக்கு வந்தவர் விருந்துண்ணவில்லை. அதற்குச் சற்றுமுன் குஜராத்தில் கலவரம் நடந்திருந்தது. தில்லியில் மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார். பின்னர் குஜராத் சென்று பாதிக்கப்பட்டவர்களைக் கண்டார். அழைத்த நாட்டையே கண்டித்தார். நேரு விருதைப் பெறவும் நாடாளுமன்றத்தில் பேசவும் வந்தவர், காந்தியை மறந்துவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

1987இல் இந்தியா அவருக்குப் பாரத ரத்னா வழங்கியது. 1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் அவர் காலமானார். தம்மை ஜலாலாபாத்தில் அடக்கம் செய்யுமாறு அவர் சொல்லியிருந்தார். ஜனாஸா கைபர் கணவாய் வழியே சென்றது. ஆப்கானிஸ்தானில் போர் நடந்த காலம். அடக்கத்துக்காகப் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. இருந்தும் ஜலாலாபாத்தில் குண்டுகள் வெடித்து, அடக்கத்துக்கு வந்தோர் பலர் மாண்டனர்.

அவரைச் சிறையில் வைத்த நாட்டில் இன்று பெஷாவர் விமான நிலையம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. சார்சத்தாவில் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. 2016ஆம் ஆண்டு, அவருடைய நினைவு நாளன்றே, ஆயுதம் தாங்கியவர்கள் அதனுள் புகுந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கல்வி தொழுகை போன்ற கடமை என்று சொன்னவரின் பெயரிலுள்ள கல்விக்கூடத்தில்! பெயரைப் பலகையில் எழுதுவது எளிது, அழிப்பதும் எளிது. அந்தப் பெயர் சொல்லும் பொறுமையை மனத்தில் எழுதுவதுதான் கடினம்.

இரவில் ஒரு தொலைபேசி

அன்றிரவு இஷா தொழுதபின், சரிசெய்த கைபேசியில் ஊருக்குப் பேசினோம். தம்பி மகன் முதலில் பேசினான். "வாப்பா, உங்களுக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

மறுமுனையில் தம்பியின் குரல் எனக்கும் கேட்டது. "தெரியுமே. உன் பாட்டனார் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லையே அப்பா."

கேட்கட்டும் என்று நாம் காத்திருக்கிறோம். சொல்லட்டும் என்று பிள்ளைகளும் காத்திருக்கிறார்களோ என்னவோ! இடையில் ஒரு தலைமுறை கடந்துவிடுகிறது.

வாசகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் அப்துல் கஃப்பார் இருக்கலாம். அபுல் கலாம் இருக்கலாம். முஹம்மது அலி, ஷௌகத் அலி இருக்கலாம். அந்தப் பெயரை யார் வைத்தார்கள், எவரை எண்ணி வைத்தார்கள் என்பதை இன்றிரவே பிள்ளைகளை அருகில் அமர்த்திச் சொல்லுங்கள். அடுத்த முறை தில்லிக்குச் சென்றால் கஃப்பார் மார்க்கெட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கைபேசி உடைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.